சுற்றுச்சூழல் வேதியியலில் பிஎச்.டி. செய்ய வருகிறவர்களுக்கு: விண்ணப்பம் முதல் பட்டச் சான்று வரை

எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, ஆற்று மாசு, தோல் கழிவு, பழைய பேட்டரி என்று ஊருக்குப் பயன்படுகிற ஒன்றில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பட்டம் வாங்க ஆறு வருடம் ஆனது. அதில் ஏறக்குறைய ஒன்றரை வருடத்தைத் தவறான சான்றிதழ், தவறான பாட்டில், கருவிக்கான காத்திருப்பு ஆகிய மூன்றும் தின்றுவிட்டன. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தியாவுக்குள்ளேயே படிக்க நினைப்பவர்களுக்கானது இது.

1. விண்ணப்பத்துக்கு முன் மூன்று கேள்விகள்

எந்த நிறுவனம் பெரியது என்று தேடுவதற்கு முன்னால் இந்த மூன்றுக்கும் பதில் கண்டுபிடியுங்கள். மாதிரி எங்கிருந்து வரும்? அதை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது? பட்டச் சான்றில் எந்தத் துறையின் பெயர் இருக்கும்?

முதல் இரண்டும் புரிந்துவிடும். பலரும் கோட்டை விடுவது மூன்றாவதில்தான். நம் துறையில் ஒரே வேலையை வேதியியல் துறை, சுற்றுச்சூழல் அறிவியல் துறை, குடிசார் பொறியியலின் சுற்றுச்சூழல் பிரிவு என்று மூன்று இடத்தில் இருந்து செய்யலாம். ஆய்வகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்து வருடம் கழித்துக் கல்லூரி வேலைக்குப் போகும்போது தெரியும். விளம்பரத்தில் 'வேதியியல் அல்லது அதற்கு இணையான பட்டம்' என்று போட்டிருப்பார்கள். எது இணை என்பதை உங்கள் பாடத்திட்டம் முடிவு செய்யாது, அரசாணைதான் முடிவு செய்யும். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் வேதியியல், பயன்பாட்டு வேதியியல் போன்ற பட்டம் வைத்திருப்பவர்கள் இணைத்தன்மை அரசாணை தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு வெளியாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் மனு கொடுத்து நகர்த்தலாம். ஆனால் அது வருடக்கணக்கில் இழுக்கிற வேலை, நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் நடக்காது.

கல்லூரி ஆசிரியர் வேலைதான் குறி என்றால் முதுகலைப் பாடம், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) பாடம், பிஎச்.டி. துறை மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். ஆய்வு நிறுவனம், தொழிற்சாலை, ஆலோசனை நிறுவனம் என்று போவதாக இருந்தால் இதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

2. தேர்வு

வேதியியல் படித்தவர்களுக்கு சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம்)–யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வில் 'வேதி அறிவியல்' தாள். 'சுற்றுச்சூழல் அறிவியல்' தாள் யுஜிசி நெட்டில் தனியாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு தேர்வு, விண்ணப்பமும் தனித்தனி. இரண்டுக்கும் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு சுற்று. கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு) பிப்ரவரியில் ஒரே ஒரு முறை, விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். 2021 முதல் கேட்டிலும் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியல் தாள் உண்டு. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும்.

2024 முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப்போடு (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகைக்கும் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் மறுபடி எழுதவேண்டும்.

முதுகலையில் 55 விழுக்காடு கட்டாயம். பட்டியல் சாதி, பழங்குடி, மேல்தட்டு (கிரீமி லேயர்) நீக்கப்பட்ட ஓபிசி, மாற்றுத்திறனாளி பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

3. சான்றிதழ்கள்

முதலில் மாட்டியது இங்கேதான். நம் ஊரில் பள்ளியிலேயே வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும். மத்திய நிறுவனங்களுக்கும் நெட், கேட் தேர்வுகளுக்கும் அது செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், மேல்தட்டுப் பிரிவில் வரவில்லை என்று வட்டாட்சியர் கையெழுத்திட்ட தனி ஓபிசி சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் விண்ணப்பித்தது கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு. அந்த வருடச் சேர்க்கை அப்படியே போனது. நடப்பு நிதியாண்டின் சான்றைத்தான் கேட்பார்கள் என்பதால் ஏப்ரல் பிறந்ததும் புதிதாக வாங்கி வையுங்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில், எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கிற எல்லாமே அங்கே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மற்றவை: தற்காலிகப் பட்டச் சான்று, ஒவ்வொரு பருவத்து மதிப்பெண் பட்டியலும் ஒருங்கிணைந்த பட்டியலும், டி.சி., வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இடப்பெயர்வுச் சான்று. இடப்பெயர்வுச் சான்றை எம்.எஸ்சி. முடித்த கையோடு வாங்கிவிடுங்கள். பெயரின் முதலெழுத்து ஆதாரில் ஒரு விதமாகவும் பத்தாம் வகுப்புச் சான்றில் இன்னொரு விதமாகவும் இருந்தால் இப்போதே ஆதாரைத் திருத்துங்கள். உதவித்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும்.

4. வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். ஓய்வுக்கு மூன்று வருடம்கூட இல்லாதவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. ஆகவே மின்னஞ்சல் அனுப்பும்போதே இடம் காலியாக இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, அவரிடம் இப்போது இருக்கிற மாணவர்கள் இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள். 'சார் எப்படி?' என்று கேட்டால் 'நல்லவர்' என்றுதான் சொல்வார்கள். கேட்கவேண்டியது வேறு. கடைசியாக எப்போது களத்துக்குப் போனீர்கள், வண்டிச் செலவை யார் கொடுத்தார்கள், அமிலம் வாங்கக் கேட்டு எத்தனை மாதத்தில் வந்தது? இந்தப் பதில்களில் ஆய்வகத்தின் நிலவரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

சென்னை சிஎல்ஆர்ஐ (மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம்) தோல் கழிவுக்கும், காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மின்வேதியியல் வழியாக உலோகம் மீட்பதற்கும், நாக்பூர் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நீர், காற்று, திடக்கழிவுக்கும் பேர்போனவை. நீரிக்குச் சென்னைத் தரமணியிலும் ஒரு மையம் இருக்கிறது. இந்த சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் பட்டம் பெரும்பாலும் அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அமைப்பான அக்சிர் வழியாகத்தான். ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இந்த வேலை நடக்கிறது. பெரிய பெயரைவிட, உங்கள் மாதிரி இருக்கிற இடத்துக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஆய்வகம் மேல் என்பது என் கட்சி. ஏன் என்று 7-ஆம் படியில் தெரியும்.

5. பணம்

ஜேஆர்எஃப் என்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு மதிப்பீடு முடிந்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. மொத்தம் ஐந்து வருடம். விடுதி கிடைக்காதவர்களுக்கு ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி உண்டு.

மாதாமாதம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். எனக்கு முதல் தொகை ஐந்தாவது மாதம்தான் வந்தது. நிலுவை முழுவதும் சேர்ந்தே வந்தது என்றாலும், அதுவரை அறை வாடகையை அண்ணன்தான் கட்டினார். யுஜிசி உதவித்தொகைக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் மாதந்தோறும் உங்கள் வருகையை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போனால் அந்த மாதம் நின்றுவிடும். மாதத்தின் முதல் வாரம் ஒரு நடை போய் நினைவுபடுத்திவிட்டு வாருங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் நிம்மதி.

நெட் இல்லாமல் திட்டப் பணியாளராகச் சேர்ந்து பிறகு பிஎச்.டி.க்குப் பதிவது இன்னொரு வழி. சம்பளம் குறைவு, திட்டம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். பணி ஆணையில் முடிவுத் தேதியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. விண்ணப்பம் ஆதிதிராவிடர் நலத்துறையில். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள் என்று காத்திருக்காமல் அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள்.

6. முதல் ஆறு மாதம்

பாடப்பணி குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி நெறிமுறைப் பாடமும் அதில் வரும். இதோடு பருவத்தையும் கணக்குப் போடுங்கள். தண்ணீர் மாதிரி என்றால் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு சுற்றாவது கேட்பார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூலையில் சேர்ந்தால் செப்டம்பருக்குள் முதல் சுற்றை எடுத்துவிட வேண்டும். தவறவிட்டால் ஒரு முழு வருடம் போய்விடும்.

அனுமதிக் கடிதங்களையும் இந்த ஆறு மாதத்திலேயே தொடங்குங்கள். காப்புக்காடு, பள்ளிக்கரணை மாதிரியான பாதுகாக்கப்பட்ட சதுப்புநிலம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. ரத்தம், முடி என்று மனிதரிடமிருந்து எதை எடுப்பதாக இருந்தாலும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில் வேண்டும், பின்தேதியிட்டு வாங்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிற பழைய அளவீடுகள் தேவைப்பட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் ஐஎஸ் 3025 வரிசை பரிசோதனை முறைகளையும், குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ஐயும் இலவசமாகவே பதிவிறக்கலாம். அச்சடித்து ஆய்வகத்தில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: நம் தரப்படி பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) பரிசோதனை 27 டிகிரியில் மூன்று நாள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் 20 டிகிரியில் ஐந்து நாள். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால் மதிப்பீட்டாளர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

7. களத்துக்குப் போகும் நாள்

என் தலைப்பு, தோல் தொழில் நடக்கிற பாலாற்றுப் பகுதியில் கிணற்று நீரில் குரோமியம். குரோமியம் இரண்டு முகம் உள்ளது. மூன்று இணைதிறன் உள்ளது அவ்வளவு கேடு செய்யாது. ஆறு இணைதிறன் உள்ளதுதான் புற்றுநோய் வரவழைப்பது. இரண்டையும் பிரித்து அளப்பதுதான் வேலையே.

உலோகம் அளக்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பாட்டில் சுவரில் உலோகம் ஒட்டாமல் இருக்க அது தேவை. நானும் 22 கிணற்றிலும் எடுத்த 22 பாட்டிலிலும் அங்கேயே அமிலம் விட்டேன். ஆய்வகத்தில் டைஃபீனைல் கார்பசைடு ஊற்றினால் குரோமியம்-6 இருக்கும் தண்ணீர் ஊதா கலந்த சிவப்பாக மாறவேண்டும். ஒன்றுகூட மாறவில்லை. கண்ணாடி போலத் தெளிவாக நின்றது.

நான் சந்தோஷப்பட்டேன். ஒரு கிணற்றுக்கார அம்மா தண்ணீர் எடுக்கும்போதே கேட்டிருந்தார், "இந்தத் தண்ணிய புள்ளைங்க குடிக்கலாமா பாப்பா?" அவருக்குப் போன் போட்டு, "பயப்படாதீங்கம்மா, அந்த குரோமியம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து மொத்தக் குரோமியத்தின் அளவு வந்தது. அவர் கிணற்றில் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அமிலத்தில் குரோமியம்-6 வீரியமான ஆக்சிஜனேற்றி. தண்ணீரில் இருக்கிற கரிமப் பொருளைத் தின்று தானே குரோமியம்-3 ஆகிவிடும். நான் தேடியதை நானே பாட்டிலுக்குள் அழித்திருந்தேன். அன்றைக்கே அந்த அம்மாவுக்கு மறுபடி போன் செய்து, குடிக்கவேண்டாம், மறுபடி வந்து எடுக்கிறேன் என்று சொன்னேன். "ஏன் பாப்பா அன்னிக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில். ஒன்று மொத்த உலோகத்துக்கு, அமிலத்தோடு. இன்னொன்று குரோமியம்-6-க்கு, அமிலம் இல்லாமல், பனிக்கட்டியில். இரண்டாவதை 24 மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். ஆய்வகம் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். உங்கள் பொருள் ஆர்செனிக்கோ பாதரசமோ பூச்சிக்கொல்லியோ எதுவாக இருந்தாலும், எந்தப் பாட்டில், எந்தப் பாதுகாப்பு, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதி வழிகாட்டியிடம் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

கூடவே எடுத்துப்போக வேண்டியவை. முந்தின இரவு 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் அலசிய பாலி எத்திலீன் பாட்டில்கள். பூச்சிக்கொல்லி, எண்ணெய் போன்ற கரிமப் பொருளுக்கு என்றால் பழுப்புக் கண்ணாடி பாட்டில். ஆய்வகத்துத் தூய நீரையே ஊற்றி, களத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவருகிற வெற்று மாதிரி ஒன்று. பத்து மாதிரிக்கு ஒன்று, அதே தண்ணீரை இரண்டாம் முறை எடுக்கிற இரட்டை மாதிரி. தெர்மாகோல் பெட்டி, பனிக்கட்டி மீன் சந்தையில் கிடைக்கும். பாட்டிலின் எண்ணைப் பென்சிலால் எழுதி மேலே செல்லோடேப் ஒட்டுங்கள். நான் ஜெல் பேனாவில் எழுதிய எண்கள் பனி உருகிக் கரைந்து, ஆறு பாட்டில் எது எந்தக் கிணறு என்றே தெரியாமல் போயிற்று. அமிலத்தைப் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், பயணிகளுக்கு ஆபத்து, சட்டப்படியும் தவறு. வாடகைக் கார் எடுங்கள். எனக்கு நாளுக்கு நான்காயிரத்துச் சொச்சம் ஆனது. இதைத் திட்டச் செலவில் முன்பே எழுதி ஒப்புதல் வாங்கவில்லையென்றால் கைக்காசுதான்.

முடிவு வந்ததும் தண்ணீர் கொடுத்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள். வெற்று மாதிரியும் இரட்டை மாதிரியும் சரியாக வந்த பிறகு, வழிகாட்டியின் கையெழுத்தோடு, தமிழில் ஒரு பக்கம். அளந்தது எவ்வளவு, வரம்பு எவ்வளவு, குடிக்கலாமா கூடாதா. போனில் வாய்மொழியாகச் சொல்லவேண்டாம்.

8. கழிவு மறுசுழற்சிதான் தலைப்பு என்றால்

கழிவு எங்கும் கொட்டிக் கிடக்கிறது, ஆய்வாளருக்கு மட்டும் கிடைக்காது. தோல் ஆலையிலோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ சேறு கேட்டால் முதலில் பயப்படுவார்கள். வழிகாட்டியின் கடிதத்தில் மூன்று வரி இருக்கட்டும்: எவ்வளவு வேண்டும், எதற்கு, நிறுவனத்தின் பெயரை வெளியிடமாட்டோம். நேரில் போங்கள், மேலாளரைவிடச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுகிற ஆபரேட்டர் அதிகம் உதவுவார். எடுத்த தேதி, அன்றைக்கு ஆலையில் என்ன ஓடியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கழிவு நாளுக்கு நாள் மாறும். ஒரே தடவையில் போதுமான அளவு எடுத்துக் கலக்கி, உலர்த்தி, பிரித்து வையுங்கள்.

பெரிய பொறி இது: காய்ச்சி வடித்த நீரில் குரோமிய உப்பைக் கரைத்து, அதை உங்கள் உறிஞ்சி (உலோகத்தை ஈர்த்துப் பிடிக்கும் பொருள்) 95 விழுக்காடு நீக்கியது என்று எழுதுவது. அதை எவரும் செய்யலாம். உண்மையான தோல் கழிவுநீரில் உப்பும் கொழுப்பும் புரதமும் போட்டிக்கு நிற்கும், எண் கீழே விழும். முதல் வருடத்திலேயே நிஜக் கழிவில் முயன்று பாருங்கள். ஆலைக்குள் போய் நின்று பழக்கத்தில் இருக்கிற முறையையும் பார்த்துவிடுங்கள். தோலைப் பதனிட்ட பிறகு மிஞ்சுகிற குரோமிய நீரில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமியத்தை வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவே பயன்படுத்துகிறார்கள். எளிமையானது, மலிவானது. உங்கள் புதிய முறை இதைவிட எந்த விதத்தில் மேல் என்பதுதான் வாய்மொழித் தேர்வில் வரும் முதல் கேள்வி.

லித்தியம் பேட்டரி என்றால் மின்னேற்றம் முழுவதும் இறக்காமல் பிரிக்காதீர்கள், தீப்பிடிக்கும். உடைத்த கறுப்புத் தூளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

நம் ஆய்வகமும் கழிவு உண்டாக்குகிறது. சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்) பரிசோதனையில் பாதரசமும் டைகுரோமேட்டும் இருக்கிறது. அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தனிக் கேனில் சேர்த்து, அபாயகரக் கழிவுக்கான அனுமதி பெற்ற நிலையத்துக்கு நிறுவனம் அனுப்பவேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. உங்கள் துறையில் அந்த ஏற்பாடு இல்லையென்றால் சேர்ந்த முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள்.

9. கருவி நேரம்

மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கிற ஐசிபி-எம்எஸ் கருவி சொந்த ஆய்வகத்தில் இருப்பது அபூர்வம். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் சைஃப் என்கிற பொதுக் கருவி மையங்களில், ஐஐடி மெட்ராஸ் உட்பட, வெளியாட்கள் கட்டணம் கட்டி அளக்கலாம். ஐ-ஸ்டெம் தளத்தில் நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்யலாம். கல்வி நிறுவனக் கட்டணத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வரிசை சில வாரத்திலிருந்து சில மாதம் வரை, கருவி பழுதானால் இன்னும் நீளும். ஆகவே மாதிரி எடுத்த பிறகு பதியாதீர்கள், பதிந்த தேதியை வைத்து மாதிரி எடுங்கள். 22 கிணறு என்றால் வெற்று, இரட்டை, தரச்சான்று பெற்ற ஒப்பீட்டுப் பொருள் (அளவு முன்பே தெரிந்த மாதிரி) எல்லாம் சேர்த்து 30 மாதிரிக்குப் பணம் ஒதுக்குங்கள். அந்த ஒப்பீட்டுப் பொருள் பெரும்பாலும் இறக்குமதி, கொள்முதல் முடிந்து கைக்கு வர எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. குரோமியம்-6-க்கு இவ்வளவும் வேண்டாம், கல்லூரியில் இருக்கிற சாதாரண நிறமாலைமானியில் 540 நானோமீட்டரில் அளக்கலாம்.

10. ஆய்வேடும் அதன் பிறகும்

குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு வருடத் தளர்வு, மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை. கேட்கத் தயங்காதீர்கள், அது விதியிலேயே இருக்கிறது.

யுஜிசி விதியில் ஆய்விதழ்க் கட்டுரை இப்போது கட்டாயம் இல்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதி வைத்திருக்கின்றன, உங்கள் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தைப் பாருங்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். தரமான இதழ்களுக்காக யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது, இதழின் தரத்தை நாமேதான் பார்க்கவேண்டும். எழுத்துத் திருட்டுச் சோதனையில் ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். செய்முறை அத்தியாயத்தில்தான் ஏறும், பரிசோதனை முறைகளைச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

ஆய்வேடு கொடுத்த பிறகு வாய்மொழித் தேர்வுக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது. அதற்குள் உதவித்தொகை நின்றிருக்கும்.

வாய்மொழித் தேர்வு முடிந்த அன்றே வேலை முடிந்தது என்று ஊருக்குப் புறப்படாதீர்கள். தற்காலிகப் பட்டச் சான்றோடு, இந்தப் பட்டம் யுஜிசியின் பிஎச்.டி. விதிமுறைப்படிதான் வழங்கப்பட்டது என்று பதிவாளர் கையெழுத்திட்ட சான்றையும் கேட்டு வாங்குங்கள். வேலை விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். எனக்கு அது தெரியாமல், அந்த ஒரு தாளுக்காக மட்டும் ஊரிலிருந்து இரண்டு தடவை போய்வந்தேன். கூடவே நூலகத்தில், ஆய்வகத்தில், விடுதியில் நிலுவை இல்லை என்ற தாளும், ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேட்டைப் பதிவேற்றியதற்கான ஒப்புகையும் வேண்டும். எல்லாம் சேர்ந்து கைக்கு வர மூன்று வாரம் பிடிக்கும். விடுதி அறையை அதுவரை காலி செய்யாதீர்கள்.